பாலத்தில் நின்றுபோன சண்டை

நவம்பர் 1, சனி

காலையிலிருந்தே தூறல். புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறை. கடற்கரைப் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம். பெரிய மார்க்கெட் போய் வந்தேன். மெழுகுவர்த்தி இரண்டு கட்டு, சாமந்தி, கோழிக்கொண்டை, எலுமிச்சை, அந்துவுக்கு நன்றாகக் கனிந்த வாழைப்பழம். நாளை கல்லறைத் திருநாள். அந்துவின் அப்பா கல்லறையில் பாசி படர்ந்திருக்கும். தேங்காய் நாரும் பழைய பிரஷும் எடுத்து வைத்தாயிற்று.

ஆட்டோக்காரன், "பாத்து எறங்கு ஆயா" என்றான். எனக்குப் பேரப்பிள்ளை யாரும் இல்லை என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

பிசியோ தம்பிக்கும் விடுமுறை. நானே அந்துவின் வலக்கையை நீட்டி மடக்கினேன். நாற்பத்தொரு வயதுப் பிள்ளையின் கை. கனம்.

மாலை ஜெனி போன் செய்தாள். "நாளைக்கு வரட்டுமாம்மா? அந்துண்ணன் ஒக்காருவாரா?" உட்காருவான் என்றேன். போனை வைத்த பிறகுதான் அவனைக் கேட்டேன். தலையை ஆட்டினான். கண் கலங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். என் பிள்ளை அல்லவா.

சாப்பாட்டு மேசையில் அந்துவும் ஜெனியும் நண்பர்களும் ஆடிய ஆட்டம் மே மாதத்திலிருந்து அப்படியே கிடக்கிறது. கட்டம் போட்ட பெரிய தாள், அதில் ஒரு பாலம், பாலத்தின் மேல் மூன்று சின்ன பொம்மைகள், எதிரே பெரிதாக ஒரு நண்டு. ஒரு ஞாயிறு மதியம் ஆட்டத்தின் நடுவில்தான் அவனுக்கு வந்தது. பேசிக்கொண்டே இருந்தவன் வாய் கோணியது. வாக்கியம் பாதியில் நின்றது. மூளைக்குப் போகிற இரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. கேட்பதெல்லாம் புரிகிறது. வாயில் மிச்சம் இருப்பது ஒரே சொல்: "இல்ல".

தாளை நான் மடிக்கவில்லை. இருவரும் சமையலறையில் சாப்பிடுகிறோம்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டு வெயில். கல்லறையில் நல்ல கூட்டம். அவருக்கு இரண்டு மெழுகுவர்த்தி. காற்றில் ஒன்று நிற்கவே இல்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்த அம்மாள், "பையன் எப்டி இருக்காரு, பேசுறாரா?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

மாலை 4 மணி. மூவரும் வந்தார்கள். முத்தியால்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கதிர். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஜெனி. ஏ.சி. மெக்கானிக் சலீம். ஆஸ்பத்திரியில் வந்து பார்த்ததோடு சரி. மேசையில் உட்கார இன்றுதான் வருகிறார்கள்.

ஆட்டத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆளுக்கு ஒரு வீரன். கதிர் கோடரிக்காரன், ஜெனி வில்லாளி, சலீம் ஈட்டிக்காரன். அந்த ஈட்டிக்காரனுக்கு நீலன் என்று பெயர். அந்துவுக்கு வீரன் இல்லை. மற்றதெல்லாம் அவன்தான்: கடல், காற்று, கதவு, எதிரி. இவர்கள் "வெட்டுறேன்" என்பார்கள். இருபது முகம் உள்ள பகடை உருளும். என்ன நடந்தது என்று அவன் சொல்வான். பல வருடம் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கத்தாதே என்று சத்தம் போட்டிருக்கிறேன்.

இன்று அவனுக்குப் பதில் கதிர் சொல்லிப் பார்த்தான்.

"அந்த ராட்சச நண்டு ரெண்டு கொடுக்கையும் தூக்கிக்கிட்டு, வாயால நெருப்பு கக்கிக்கிட்டே வருது..."

"இல்ல" என்றான் அந்து.

"நெருப்பு வேணாமா? சரி, வெஷம்."

"இல்ல."

"மச்சி, ஒன் மண்டைக்குள்ள இன்னா இருக்குன்னு எனக்கு எப்டிடா தெரியும்?"

அந்து இடக்கையால் மேசையைத் தட்டினான். பொம்மைகள் சாய்ந்தன. பிறகு அந்தக் கையை நீட்டினான். காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்த என்னைக் காட்டி.

"நானா?"

"இல்ல" என்றான், ஆமாம் என்று தலையை ஆட்டியபடி. வாயை நம்பாதீர்கள், தலையைப் பாருங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

உட்கார்ந்தேன். அவன் உருட்டுவது மற்றவர்களுக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கும் அட்டை மறைப்புக்குப் பின்னால், அவன் பக்கத்தில். அவன் இடக்கையால் பகடை உருட்டினான். நான் படித்தேன். பதினான்கு. பட்டது. உயிரில் ஆறு குறைத்துக்கொள். ஒன்பது. தவறியது. அடுத்து யார்?

"பரீட்ச மார்க்கு படிக்கிற மாரியே இருக்கும்மா" என்றான் கதிர். சிரித்தார்கள். மரியாதையான சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அவன் செல்லை எடுத்தான், சலீம் கொட்டாவியை மறைத்தான். மழை வர்ற மாரி இருக்கும்மா என்று கிளம்பினார்கள். வானம் சுத்தமாக இருந்தது.

நவம்பர் 3, திங்கள்

கான்வென்ட்டில் வாசிப்புப் பரிசு ஒவ்வொரு வருடமும் எனக்குத்தான். மாசேர் என்று நாங்கள் கூப்பிடும் கன்னியாஸ்திரிகள் என்னைத்தான் பிஷப் முன்னால் வாசிக்க நிறுத்துவார்கள். உச்சரிப்பு சுத்தம், நிறுத்தம் சுத்தம். நேற்று அதே வாசிப்புக்குக் கொட்டாவி.

வாசிப்பது வேறு. வாசிக்க எதிரே ஏதாவது எழுதியிருக்க வேண்டும். அந்து எதையும் எழுதிவைத்ததில்லை. டியூஷன் சென்டரில் கணக்கு நடத்தினபோதும் குறிப்பு இல்லாமல்தான் நடத்துவான். அங்கே இப்போது வேறு ஆள்.

ஒருமுறை கதவிடுக்கு வழியாகக் கேட்டது: "ஒன் கோடாலி அவன் தோள்ல எறங்கல கதிரு. கேடயத்து விளிம்புல மாட்டிக்கிச்சு. இழுக்குற. வரல. அவன் ஒன்னப் பாத்து சிரிக்கிறான். பல்லெல்லாம் ரத்தம்." புளி கரைத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. கதிர் என்ன செய்வான் என்று தெரிய வேண்டும் போல் இருந்தது. மெதுவாகப் பேசு என்று கத்திவிட்டு அடுப்புப் பக்கம் போனேன்.

கதிர் கடைசியில் என்ன செய்தான் என்று இன்றுவரை கேட்கவில்லை.

நவம்பர் 5, புதன்

ஜெனி குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எடுக்க வந்தாள். அந்து தூங்கினான். சமையலறையில் உட்காரவைத்துக் கேட்டேன். கேட்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

"அண்ணன் எப்படிச் சொல்லுவான்?"

"அதெல்லாம் யோசிக்கிறதில்லம்மா. அப்டியே வரும் அவருக்கு." பிறகு யோசித்தாள். "தப்பிடுச்சின்னு மட்டும் சொல்லவே மாட்டாரு. அம்பு தப்பிச்சின்னா அது எங்க போயி குத்திச்சின்னு சொல்லுவாரு. ஒருவாட்டி நான் உட்ட அம்பு தப்பிப் போயி கோவில் மணியில பட்டுடுச்சி. ஊரே முழிச்சிக்கிச்சி. அந்த ராத்திரி பூரா ஓடினோம்."

அவள் போன பிறகு எழுதிக்கொண்டேன்.

எண் வாயில் வரக் கூடாது. தவறியது எங்கே போனது? கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. இரண்டு வாக்கியம், மூன்றாவது வந்தால் கதிர் செல்லை எடுப்பான். எதிரிக்கும் வலிக்கும்.

சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். "கேடயம் பிளந்தது. அவன் பின்வாங்கினான்." நடு அறையிலிருந்து: "இல்ல." "இரத்தம் பெருக்கெடுத்து ஓடியது." "இல்ல." பக்கத்து வீட்டு செல்வி மதில் மேல் எட்டிப் பார்த்து, "யாரோட சண்ட, மதாம்?" என்றாள். படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. வெள்ளி என்பதால் கறி இல்லை. வைத்திக்குப்பத்துப் படகுகள் மூன்று நாளாகக் கடலுக்குப் போகவில்லை; மீன் இல்லை, கழிமுகத்து நண்டுதான் என்று கூடைக்காரி வாசலில் இறக்கினாள். ஐந்து வாங்கினேன். உயிரோடு.

அந்துவின் நாற்காலியைச் சமையலறை வாசலில் நிறுத்தியிருந்தேன். முதல் நண்டின் கொடுக்கைத் திருகினேன். வரவில்லை. ஓட்டின் மேல் கத்தியால் தட்டினேன். டங்கென்று வழுக்கியது.

"இல்ல, இல்ல."

பாவம் பார்க்கிறான் என்று நினைத்தேன். இல்லை. இடக்கையை நீட்டி நண்டைத் திருப்பச் சைகை காட்டினான். கொடுக்கு உடம்போடு சேரும் இடம், உள்பக்கம். அங்கே ஓடு இல்லை. வெள்ளையாக ஒரு தோல், ஈரமாக. அங்கே கத்தி நுனியை வைத்தேன். சத்தமே இல்லாமல் இறங்கியது. கொடுக்கு கையோடு வந்துவிட்டது.

நிமிர்ந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசைப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பாலத்து நண்டுக்கும் இங்கதானா?"

தலை ஆடியது.

"அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"நான் சொல்லிடவா?"

இல்லை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினான். கொஞ்சம்.

ஆறு மாதத்தில் அவன் என்னிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் இது. நண்டுக் குழம்பில் உப்பு போட மறந்தேன். இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை, ரொட்டி, மாத்திரை, பி.பி. சரி.

கதிர் கோடரியை ஓங்கினான். பகடை உருண்டது; பட்டது. விழுந்த எண்ணை வாய்க்குள் விழுங்கிக்கொண்டு சொன்னேன். "கோடரி ஓட்டின் மேல் இறங்குது. கோயில் மணி மாதிரி ஒலிக்குது. உன் முழங்கை வரைக்கும் அதிருது, ஓட்டில் ஒரு கீறல் மட்டும்."

கதிர் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

அடுத்து நண்டின் முறை. "கொடுக்கு திறக்குது. கதவு அகலத்துக்கு. உள்ளே, தோள் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு தோல். மூச்சு விடும்போது அது உப்பி அடங்குது."

ஜெனி நாற்காலி நுனிக்கு வந்தாள். "இரும்மா. வெள்ளத் தோலா? நான் அங்க உடுறேன். அங்கதான்." பகடையை இரண்டு கையாலும் குலுக்கினாள். பட்டது. மூவரும் கத்தினார்கள். நான் கத்தாதே என்று சொல்லவில்லை.

அந்துவின் முகத்தில் பாதிச் சிரிப்பு. பாதிதான் வரும் இப்போது. முழுதாகவே எனக்குத் தெரிந்தது.

"அம்மா, எனக்கு நெஜமாவே பயமா இருந்திச்சி" என்றான் கதிர். வந்தவர்கள் விளக்கேற்றும் நேரம் வரை போகவில்லை. காப்பி இரண்டு தரம்.

வாசல் விளக்கைப் போடப் போனபோது வெளியே கதிரும் சலீமும் வண்டியை நகர்த்திக்கொண்டு பேசியது காதில் விழுந்தது.

"அடுத்த வாரம் வந்துடுவ இல்ல?"

"வர்றேன்டா. ஆனா நீலனுக்கு உயிரு கொஞ்சந்தான் பாக்கி. அவன் செத்துப் பூட்டான்னா நானும் அதோட நிறுத்திக்கலாம்னு பாக்குறேன். ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் எனக்கு லீவு. புள்ளைங்க மூஞ்சியே பாக்க முடியல."

"அந்து?"

"பாத்துப்பாங்கடா. அப்பப்ப வந்து எட்டிப் பாக்கலாம்."

விளக்கைப் போடாமல் உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

பேச்சுப் பயிற்சி. டாக்டர் பழத்தின் படம் காட்டுகிறார். மாம்பழம். "இல்ல." வாழைப்பழம். "இல்ல." கணக்கு நடத்தினவன். அவன் நெற்றியில் வியர்வை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் டாக்டர் தனியாகச் சொன்னார். "வீட்ல ஆள் நடமாட்டம் இருக்கட்டும்மா. நாலு பேரு பேசுற எடத்துல ஒக்கார வைங்க. பேச்சு பேச்சாலதான் வரும். முதல் ஒரு வருஷம் முக்கியம்."

நாலு பேர். ஒருவன் போனால் மற்றவர்களும் மெல்ல நிற்பார்கள். கதிருக்குக் கடை. ஜெனிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நான் ஒருத்தி எத்தனை பேர் ஆவது? சமைக்கும்போது பேசுகிறேன், துணி மடிக்கும்போது பேசுகிறேன். மாலைக்குள் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சலீமின் நீலனை எப்படிக் காப்பாற்றுவது என்று ஜெபமாலை சொல்லும்போது யோசித்திருக்கிறேன். எத்தனையாவது மணி என்று விட்டுப்போயிற்று.

நவம்பர் 16, ஞாயிறு

சுருக்கமாக எழுதுகிறேன்.

நண்டின் முறை. நீலன் மேல் பாய்கிறது. அந்து உருட்டினான். மறைப்புக்குப் பின்னால் விழுந்ததை நானும் அவனும் மட்டும்தான் பார்க்க முடியும். இருபது. அவர்கள் விதிப்படி அதற்கு மேல் அடி இல்லை. நீலனுக்கு மிச்சமிருந்த உயிர் பாதி அடிக்கே தாங்காது.

சலீம் செல்லில் மணி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூன்று" என்றேன்.

பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னேன். "கொடுக்கு நீலன் தலைக்கு மேலே மூடிக்குது. பெட்டி மூடுற சத்தம். உள்ளே மாட்டினது தலைப்பாகை மட்டும். அவன் மொட்டைத் தலையில் மழை விழுது." கை தட்டினார்கள். சலீம், "செம்மம்மா, நான் மொட்டைன்னு எப்டிக் கண்டுபுடிச்சீங்க" என்றான். இதுவரை நான் சொன்னதில் இதுதான் சிறந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"இல்ல" என்றான் அந்து.

யாரும் கவனிக்கவில்லை. அது எப்போதும் சொல்லும் சொல்.

"இல்ல. இல்ல. இல்ல." இடக்கையால் அட்டை மறைப்பைத் தட்டிவிட்டான். கப் உருண்டு உடைந்தது. ஜெனி எழுந்து அவன் தோளைப் பிடித்தாள். "இன்னாண்ணா, இன்னா ஆச்சி?" அவன் என்னைக் காட்டினான். அவர்களைப் பார்த்தான். மறுபடி என்னைக் காட்டினான். வாய் திறந்து மூடியது. "இல்ல."

"களைப்பு. காலையிலிருந்து தூங்கல" என்றேன். இது இரண்டாவது பொய்.

போய்விட்டார்கள். தரையைத் துடைத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

என் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறான். இடக்கையால் தானே அள்ளுகிறான், பாதி மடியில். துடைக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். செல்வி எட்டிப் பார்த்து, "கொழந்த மாரி அடம் புடிக்கிறாரா மதாம்?" என்றாள். ஜன்னலைச் சாத்தினேன்.

"உனக்காகத்தான் செஞ்சேன். சலீம் வராம போயிடுவான்னு."

"இல்ல."

தலையும் அதையே சொன்னது.

அந்த மறைப்புக்குப் பின்னால் என்னை எதற்காக உட்காரவைத்தான் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கதிர் அழகாகப் பேசுவான், ஜெனிக்கு விதியெல்லாம் தெரியும். கதிர் நெருப்பு சேர்த்தான், விஷம் சேர்த்தான். நான் விழுந்ததை விழுந்தபடி படித்தேன். மார்க்கு படிக்கிற மாதிரி.

அதற்காகத்தான் என்னை.

நவம்பர் 20, வியாழன்

இரவெல்லாம் மழை, முற்றத்தில் தண்ணீர். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் இளைஞர். பொய் சொன்னேன் சாமி, என் மகன் முன்னாலேயே, பகடையில் விழுந்ததை மாற்றி, என்றேன்.

"விளையாட்டுலயாம்மா?"

ஆம், விளையாட்டில்.

சிரிப்பை அடக்குகிறார் என்று தட்டி வழியாகவே தெரிந்தது. மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். வெளியில் வந்து சொன்னேன். பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

வீட்டில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். பிசியோ தம்பி வந்தால் மட்டும் திரும்புகிறான்.

நவம்பர் 22, சனி

ஜெனி போன். நாளை வரலாமா என்று. வேண்டாம், அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் இந்த வாரம் போய்விடும். அடுத்த வாரமும் அதையே சொல்லலாம்.

வாங்க என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நனைந்து வந்தார்கள். அவன் கட்டிலை விட்டு எழவில்லை. ஜெனி துண்டால் தலையைத் துடைத்தபடி, "ஒடம்பு சரியில்லயாம்மா?" என்றாள்.

காப்பி கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். தட்டோடு நின்றபடியே வந்துவிட்டது. "போன வாரம் விழுந்தது மூன்று இல்லை. நான் மாத்திச் சொன்னேன்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சலீம்தான் கேட்டான். "இன்னா விழுந்துச்சிம்மா?"

"இருபது."

"இருபதா?" கப்பைக் கீழே வைத்தான். "அப்ப நான் ஒரு வாரமா செத்த ஆளு. அது தெரியாம வெள்ளிக்கெழம பிரியாணி துன்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

கதிர் சிரித்தான். என்னால் முடியவில்லை. "நீலன் போயிட்டா நீயும் நிறுத்திக்குவேன்னு வாசல்ல சொன்ன. நான் கேட்டேன்."

"அது சும்மா சொல்லியிருப்பாரும்மா" என்றாள் ஜெனி.

"சும்மா இல்ல" என்றான் சலீம். தரையைப் பார்த்துக்கொண்டு. "நெஜமாத்தான் சொன்னேன்."

பிறகு அவன் எழுந்தான். "எங்க டேபிள்ல ஒரு வழக்கம் உண்டும்மா. எவன் விழுறானோ, அவன் சாவ அவனேதான் சொல்லணும். அந்து வச்ச வழக்கம். இன்னும் ஒருத்தரும் வுழல, அதான் ஒங்களுக்குத் தெரியாது."

அந்துவின் அறைக்குள் போனான். கால்சட்டை ஈரம் என்று கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். நாங்கள் வாசற்படியில் நின்றோம்.

"மச்சி, நான் செத்துட்டேன்டா. கேளு. கொடுக்கு வருது. ஈட்டிய குறுக்க வெக்கிறேன். ரெண்டா ஒடையுது."

சுவர்ப் பக்கமிருந்து: "இல்ல."

"ஒடையலயா? வளையுது. வளைஞ்சி, கைய வுட்டுத் தெறிச்சிப் போயி தண்ணில வுழுது."

பதில் இல்லை. சரி என்று அர்த்தம்.

"என்ன இடுப்போட சேத்துப் புடிக்குது."

"இல்ல."

"கழுத்தா?"

"இல்ல."

அந்து திரும்பாமலே இடக்கையைத் தூக்கினான். அதைக் குறுக்கே கொண்டுபோய்த் தன் வலத் தோளைத் தொட்டான்.

சலீம் அந்தத் தோளையே பார்த்தான். பிறகு குரல் வேறாக இருந்தது. "வலது தோளு. வலிக்கவே இல்ல. அதான் பயமா இருக்குது. கையத் தூக்கிப் பாக்குறேன். என் கைதானா அதுன்னு தெரியல. கீழ வுழுறேன். கதிரு நிக்கறான், ஜெனி நிக்கிது, ரெண்டு பேரையும் நல்லா தெரியுது. கூப்புடணும். வாயத் தொறக்குறேன்."

நிறுத்தினான். அந்து திரும்பிப் படுத்து அவனைப் பார்த்தான்.

"சத்தம் வரல" என்றான் சலீம்.

அந்து "இல்ல" என்று சொல்லவில்லை.

ஜெனி என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியாது. நான் யாரும் தொடுவதை விரும்புகிறவள் இல்லை. விடவில்லை.

பிறகு கதிரும் சலீமும் அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து மேசைக்குக் கொண்டுவந்தார்கள். நீலன் பொம்மையை அந்துவே இடக்கையால் படுக்கவைத்தான். அதற்கு மேல் யாரும் ஆடவில்லை. கிளம்பும்போது சலீமிடம், அடுத்த வாரம்? என்று கேட்டேன். இரண்டு தரம் யோசித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"பாக்கலாம்மா" என்றான்.

ராத்திரி கஞ்சி. என் கையால் குடித்தான்.

நவம்பர் 27, வியாழன்

கடல் சத்தம் வீடு வரை கேட்கிறது. வங்கக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறதாம். அரிசி, பால் பவுடர், தீப்பெட்டி வாங்கி வைத்தேன். அந்து தூக்கத்தில் ஏதோ முனகினான். ஓடிப் போய்க் காதை வைத்துக் கேட்டேன். சொல் இல்லை. குறட்டை.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. புயல் எச்சரிக்கை; பூசைக்குப் போகவில்லை. இந்த மழையில் ஒருவரும் வர மாட்டார்கள் என்று அந்துவிடம் காலையிலேயே சொல்லிவைத்தேன். அவன் புதுச் சட்டையைக் காட்டினான். போட்டுவிட்டேன்.

கதிரும் ஜெனியும் ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள். சலீம் இல்லை. யாரும் அவன் பெயரை எடுக்கவில்லை. அந்து வாசலைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், மறுபடி வாசலை.

காப்பி ஆறும் நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். சலீம், தலையில் பாலித்தீன் பை. "எனக்குத்தான் பாலத்து மேல ஆளு இல்லயேம்மா. சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." நாற்காலியை மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். அடுத்த வாரம் வருவானா என்று கேட்கவில்லை. கேட்டால் பாக்கலாம்மா என்பான்.

நண்டின் முறை. நீலன் விழுந்துகிடக்கிறான். அந்து பகடையைத் தொடவில்லை. என்னைப் பார்த்தான். நான் சொல்ல வேண்டும்.

"ஜெனி பக்கம் திரும்புது."

"இல்ல."

"கதிர் மேல பாயுது."

"இல்ல."

கதிர்: "தண்ணிக்குள்ள எறங்குதா மச்சி?" "இல்ல." ஜெனி: "காயம்பட்ட கொடுக்க இழுத்துக்குதாண்ணா?" "இல்ல." தள்ளி உட்கார்ந்திருந்த சலீமும்: "என்னத் துன்னுடுச்சா?" "இல்ல", கூடவே பாதிச் சிரிப்பு.

மின்சாரம் போயிற்று. மெழுகுவர்த்தி ஏற்றினேன். எழுதிக்கொண்டதெல்லாம் நினைவில் ஓட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. ஒன்றும் வரவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன். அவர்களிடம் இப்படிச் சொல்வது இதுவே முதல் தடவை.

"மெதுவா பாக்கலாம்மா. இந்த மழையில எங்க போவப் போறோம்" என்றான் கதிர்.

அந்துவைக் கேட்டேன். "அது ஒண்ணும் செய்யலையா? சும்மா நிக்குதா?"

பார்த்துக்கொண்டே இருந்தான். வாயும் அசையவில்லை, தலையும் அசையவில்லை.

"அது நிக்குது" என்றேன் மற்றவர்களிடம். "மழை முதுகில் விழுந்து வழியுது. கீழே கிடக்கிறவனையே பார்க்குது. எந்தப் பக்கம் திரும்புறதுன்னு அதுக்குத் தெரியல."

அந்து கண்ணை மூடித் திறந்தான்.

அடுத்து ஜெனியின் முறை. நண்டு அவளுக்கு நேர் எதிரே, வெள்ளைத் தோல் தெரிய, அசையாமல் நிற்கிறது. பகடையைக் கையில் எடுத்தாள். உருட்டவில்லை.